கல்லில் எழுதாத காரணம்

ஹப்புத்தளை

பட்டிப்பொலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது மழை. வெளியே வரும்போது வெயில். இலங்கை ரயில் பாதையின் உச்சி அந்த இடம்தான், ஏறத்தாழ 1,900 மீட்டர். மேற்கு மலைநாட்டின் ஈரம் அங்கே நின்றுவிடுகிறது. அதற்கப்பால் ஊவாவின் காற்று.

பெட்டிக்குள் இறால் வடை விற்றுக்கொண்டே வந்தார்கள். பள்ளிக் கொப்பியைக் கிழித்து ஒட்டிய பையில் சூடாக இரண்டு வடை, கூடவே காய்ந்த மிளகாய். என் பையில் ஏதோ ஒரு பிள்ளை போட்ட பெருக்கல் கணக்கு. எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் 'சரி'. எதிரே நான்கு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்ட வெட்டிய முடி, ஒரே மாதிரிப் பைகள். லீவு முடிந்து தியத்தலாவை முகாமுக்குத் திரும்பும் சிப்பாய்கள். ஒருவன் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டுகளை என் பக்கம் நீட்டினான். வெல்லவாய பக்கத்து ஊர்க்காரன். பட்டாளத்தில் நடத்திய வகுப்பில் கொஞ்சம் தமிழ் கற்றிருந்தான்.

"அப்பாவும் ஆமி. வன்னியில கால் போச்சு."

"அப்புறம் நீ ஏன் சேர்ந்தே?"

"வேற வேலை இல்லையே, அண்ணா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்த வேலையும் சுருங்கிக்கொண்டிருந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் கொண்ட இராணுவத்தை 2024க்குள் 1,35,000 ஆகவும், 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசு அறிவித்திருந்தது. 2022இல் நாட்டின் கஜானா காலியானதன் பின்விளைவு.

நான் போனது 2024 மே மாதம். வெசாக் பண்டிகை வந்துகொண்டிருந்தது; கடைவாசல்களில் மூங்கில் கூடுகளுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் போர் முடிந்து 15 ஆண்டுகள் நிறைந்தன. மே 18இல் முள்ளிவாய்க்காலில் ஒரு கூட்டம் அழும். மே 19இல் தலைநகரில் அரசு தன் போர்வீரர்களைக் கொண்டாடும். அந்த முறை அழுகைக்கு முன்கூட்டியே தடை வந்தது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்களையும் கைது செய்திருந்தார்கள். செய்தியை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரின் பத்திரிகையில் படித்தேன்.

ஹப்புத்தளை ஒரு மலை முதுகின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். தெருவின் ஒரு முனையில் நின்றால் தெற்கே சமவெளி சரிந்து கடலை நோக்கிப் போகிறது. திரும்பினால் வடக்கே ஊவாப் பள்ளத்தாக்கு. மறுநாள் விடியலில் லிப்டன் சீற் என்ற காட்சிமுனைக்கு ஏறினேன். தாமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பத்தென்னைத் தொழிற்சாலையிலிருந்து தேயிலை மணம் வழியெல்லாம் வருகிறது. கொழுந்துக்குப் போகும் பெண்கள் இடுப்பில் படங்கு கட்டி, கையில் பிளேன்டீயோடு பிரட்டுக் களத்தில் நின்றிருந்தார்கள். பேச்செல்லாம் சம்பளம். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை 1,700 ஆக்குவதாக மே தினத்தையொட்டி வர்த்தமானி வந்திருந்தது. கம்பெனிகள் முடியாது என்றன. "பேப்பர்ல வந்திருச்சு, கையில எப்ப வருமோ" என்றார் ஒரு அக்கா.

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். மே மாதத்தில் எங்கள் பக்கம் ஏரியில் தரை வெடித்துக் கிடக்கும். அங்கிருந்து வந்தவனுக்கு இந்தப் பச்சை கண்ணைக் குத்தியது. இதே சரிவுகளில் வாழ்ந்த துரைமாரும் ஒரு காலத்தில் படைவீரர்கள்தான். தோட்டத் துரைமாருக்கென்றே 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைஃபிள் கோர்' என்று ஒரு படை இருந்தது. வெள்ளையர் மட்டும் சேரலாம். 1914இல் அவர்களில் ஒரு பகுதியினர் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றார்கள். யாருடைய நிலத்துக்காக யாருடைய நிலத்தில் செத்தோம் என்று அந்தத் துரைமாரில் எவராவது கேட்டிருப்பாரா என்று யோசித்தபடி இறங்கினேன். கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்திருக்காது. சாம்ராஜ்யம் அவர்களுடையது.

தியத்தலாவை

ரயிலில் வந்த பிள்ளைகள் இறங்கிப் போன ஊர். தேயிலை திடீரென்று நின்று புல்மலைகள் தொடங்குகின்றன. பதனை என்று சொல்லும் அந்தப் புல்வெளியைப் பார்த்ததும் ஆங்கிலேயனுக்கு முகாம் போடத் தோன்றியதில் வியப்பில்லை. மறைந்துகொள்ள மரம் இல்லை. இன்று இராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் கழகம் இங்கேதான்.

1900 ஆகஸ்டில், தென்னாப்பிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே அடைத்தார்கள். ஏறக்குறைய 5,000 பேர் இருந்தார்கள். காய்ச்சல் வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறைத் தோட்டமும் நினைவுத்தூணும் உண்டு. போர் முடிந்து, பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் ஊர் திரும்பலாம் என்றார்கள். எங்கல்பிரெக்ட் என்பவர் கடைசிவரை மறுத்தார். ஊர் திரும்பவே இல்லை. தெற்கே யால காட்டின் முதல் காவலராக வேலை பார்த்து, இலங்கையிலேயே இறந்தார். அவர் சண்டை போட்ட குடியரசு அதற்கு முன்பே வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. இல்லாத நாட்டுக்கு உண்மையாக இருந்தது வீணா, வீரமா? எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. அதே சமயம், அவர் சார்ந்த போயர்கள் கறுப்பின மக்களை என்ன செய்தார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. பிடித்திருப்பது ஒன்று, அவர் பக்கம் நியாயம் இருந்ததா என்பது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்து வைக்கப் பழகிக்கொண்டால்தான் இந்த ஊர்களில் நடமாட முடியும் என்று தோன்றியது.

இன்னொன்றும் உறுத்தியது. பிரிட்டிஷ்காரன் தன்னிடம் தோற்றவனுக்குத் தன் முகாமிலேயே கல் வைக்க இடம் கொடுத்தான். வடக்கிலும் கிழக்கிலும் இருந்த புலிகளின் மாவீரர் துயிலும் இல்லங்களை இலங்கை இராணுவம் மண்ணோடு மண்ணாக்கியது. சிலவற்றின் மேல் முகாம்கூட எழுந்தது.

பண்டாரவளை

பஸ்ஸுக்குக் காத்திருந்த நிறுத்தம் சின்னது. நான்கு தூண், ஒரு கூரை, சிமெண்டுத் திண்ணை. உள்சுவரில் பளிங்குப் பலகை. சீருடையில் ஓர் இளைஞனின் படம், பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, இறந்த இடம். மூன்றெழுத்தில் ஒரு வடக்குத்திசை ஊர். கீழே, தாய்நாட்டுக்காக உயிர் கொடுத்தவன் என்ற வரி. பக்கத்தில் இருந்த மாணவிதான் படித்துச் சொன்னாள். சிங்களக் கிராமங்கள் நெடுகிலும் இப்படி நிறுத்தங்கள் இருக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பமே பெரும்பாலும் கட்டிவிடுகிறது. மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்கு அவன் நிழல் தருகிறான். அழகான ஏற்பாடு, சந்தேகமில்லை.

அதைப் பார்த்ததும் எங்கள் ஊர் நினைவு வந்தது. செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள். பல்லவர் காலத்தவை, வயல் வரப்பில், ஏரிக்கரையில், இப்போதும் பொங்கலுக்குப் படையல் வாங்குகின்றன. அவற்றின் வட்டெழுத்தில் யார் ஆட்சி, எத்தனையாவது ஆண்டு, செத்தவன் யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டை யார் கவர்ந்தபோது செத்தான் என்று காரணம் எழுதியிருக்கும். எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாய்க்கும் இடம் உண்டு. கோவிவன் என்று அதற்குப் பெயர். எசமான் விழுந்த பிறகு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று பதிவு. 1,400 ஆண்டு கழித்து அந்தக் கல்லின் முன் நிற்கிறவன்கூட வழக்காட முடியும்: நாலு மாட்டுக்கு ஓர் உயிர் தகுமா? தகாதா? கல்லே அந்த விவாதத்துக்கு இடம் வைத்திருக்கிறது. பஸ் நிறுத்தத்துப் பலகையில் அந்த இடம் இல்லை. தாய்நாட்டுக்காக என்று எழுதிவிட்டால் மேற்கொண்டு கேட்பவன் துரோகி.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முதியவரிடம் பிந்துனுவெவ எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையைக் காட்டினார், முகம் சட்டென்று மூடிக்கொண்டது. 2000 அக்டோபர் 25ஆம் தேதி காலை, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருந்த 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் வெட்டியும் எரித்தும் கொன்றது. காவலுக்கு நின்ற போலீஸ் தடுக்கவில்லை. செத்தவர்களில் பலர் புலிகள் இயக்கத்திலிருந்து சரணடைந்தவர்கள், பிடிபட்டவர்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளும் உண்டு. 2003இல் உயர் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆயுதத்தைக் கீழே வைத்தவனைக் காக்க முடியாத நாடு, ஆயுதம் ஏந்திச் செத்தவனுக்கு மட்டும் பளிங்கு வைக்கிறது. ஆயுதத்தை விட்டு வந்த பிள்ளைகளின் பெயரில் எந்த நிறுத்தமும் இல்லை.

தெமோதரை

எல்லயில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தோளில் பை மாட்டிக்கொண்டு ஒன்பது வளைவுப் பாலத்தை நோக்கி நடக்கிறார்கள். 1921இல் முடிந்த பாலம். முதல் உலகப்போருக்கு இரும்பு முழுவதும் போய்விட்டதால் கல்லும் செங்கலும் சிமெண்டும் கொண்டு கட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையோ கதையோ, ஊவாக்காரர்கள் தொலைதூரப் போரின் பெயரைச் சொல்லி நன்றி பாராட்டும் ஒரே பொருள் இதுவாகத்தான் இருக்கும்.

அங்கிருந்து தெமோதரைக்கு ஒரு த்ரீவீலில் போனேன். ஓட்டுநர் நாற்பதைத் தாண்டியவர். முன்னாள் சிப்பாய். தமிழை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பிடித்தவர். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். "இந்தியாவோட ஜெய்ப்பூர் கால், உங்க நாட்டு சாமான்" என்று தட்டிக் காட்டினார். அந்தக் காலைச் செய்து மாட்டும் இடம் கொழும்பிலும் உண்டு, யாழ்ப்பாணத்திலும் உண்டு. மிதிவெடிக்கு எந்தப் பக்கத்துக் கால் என்று தெரியாது.

தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைகிறது. அதைப் பார்க்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். நான் கேட்டுவிட்டேன்: அத்தனை பேர் செத்தது தகுமா?

"தகும்" என்றார், யோசிக்காமல். "புத்தல பஸ் தெரியுமா? 2008, ஜனவரி. நம்ம ஊவாதான். சாதாரண ஜனம் போற பஸ். கிளைமோர் வச்சான். ஓடி வந்தவனையும் சுட்டான். நாங்க அங்க போகாட்டி சண்டை இங்க வரும். இப்ப என் மக ஸ்கூல் பஸ்ல போறா. போனா வருவா. அது போதும்."

மறுக்க முடியாத காரணம். அந்த பஸ்ஸில் முப்பது பேர் அளவுக்குச் செத்தார்கள். 2002இன் போர்நிறுத்த ஒப்பந்தம் முறைப்படி முடிவுக்கு வந்த அதே நாள் அது, ஜனவரி 16. செத்தவர்கள் அவருடைய ஊர்ப்பக்கத்து ஏழைகள். எங்கள் நடுகல்லின் கணக்கில்கூட இது சேரும்: இந்த ஊர், இந்த மக்கள், இவர்களைக் காக்க.

"சரி. கடைசி மாசங்கள்ல அங்க செத்த ஜனம்?"

ரொட்டியைக் கீழே வைத்தார். "பார்த்தேன். பொண்டாட்டிக்கும் சொல்லல."

2006 ஜூலை முதல் 2009 மே வரை 6,261 படையினர் செத்ததாக அரசே கணக்குச் சொன்னது. அதே காலத்தின் கடைசிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. முதல் எண்ணுக்குத் தேசியக் கொடி உண்டு. இரண்டாவது எண்ணை அரசு ஒப்புக்கொள்வதே இல்லை.

கிளம்பும்போது அவர்தான் ரஷ்யா பேச்சை எடுத்தார். அந்த வாரம் நாடு முழுக்க அதே பேச்சு. ஓய்வுபெற்ற சிப்பாய்களை ஏஜெண்டுகள் பெரிய சம்பளம், குடியுரிமை என்று ஆசைகாட்டி அழைத்துப்போய் உக்ரைன் போர்முனையில் விட்டிருந்தார்கள். குறைந்தது 16 பேர் செத்துவிட்டதாகப் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் சொல்லியிருந்தார். "என்னோட ஒரு ஆளும் போயிருக்கான். சமையல் வேலைன்னு சொன்னாங்களாம். அவனுக்கு என்ன பேரு வைப்பீங்க? வீரனா?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பதுளை

ரயில் பாதை இங்கே முடிகிறது. கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீட்டர். சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் போல ஊர். ஹப்புத்தளையில் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன். முதியங்கனை விகாரையில் வெசாக்குக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். கதிர்காம தேவாலய வாசலில் தமிழ்ப் பெண்கள் தேங்காய் உடைத்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு, மலே குடும்பம் ஒன்று நடத்தும் சின்னக் கடை. புளிப்பும் இனிப்பும் காரமும் சேர்ந்த மலே அச்சாறு சோற்றை இன்னொரு முறை கேட்க வைத்தது. இந்தக் குடும்பங்களின் முன்னோர் டச்சுக்காரனும் ஆங்கிலேயனும் கொண்டுவந்த சிப்பாய்கள். கண்டிக்கு எதிராகச் சண்டை போட வைத்தார்கள். 1873இல் சிலோன் ரைஃபிள்ஸ் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருக்காகச் சண்டை போட்டோம் என்பது பேரன்களுக்கு மறந்துவிட்டது. அச்சாறு மட்டும் மறக்கவில்லை.

ஊரின் நடுவே செயின்ட் மார்க் தேவாலயம். மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் நினைவாக எழுப்பியது. பதுளையின் ஆட்சி அதிகாரியாக இருந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர்; 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானையைச் சுட்டவருக்கு ஒரு கோயில். அவருடைய அரசுக்கு எதிராக எழுந்தவர்களின் கதை வேறு. 1817இல் ஊவா வெல்லஸ்ஸவில் கலகம் வெடித்தது. பதுளையின் பிரிட்டிஷ் அதிகாரி வில்சன் அம்பு பட்டுச் செத்தார். கலகத்தை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார்; ஆனால் வெள்ளையன் கொடுத்த ஆயுதங்களை வெள்ளையனிடமே திருப்பி அனுப்பிய பிறகுதான் சேர்ந்தார். 1818 நவம்பர் 26இல் கண்டியில் அவர் தலையை வெட்டினார்கள். மண்டை ஓடு எடின்பரோவுக்குப் போய், 1954இல்தான் திரும்பி வந்தது. கலகத் தலைவர்கள் 19 பேரைத் துரோகிகள் என்று ஆளுநர் பிரவுன்ரிக் வெளியிட்ட அறிவிப்பை இலங்கை அரசு ரத்து செய்து, அவர்களைத் தேசிய வீரர்கள் ஆக்கியது 2016 டிசம்பரில். துரோகி வீரனாக ஏறக்குறைய 200 ஆண்டு ஆகியிருக்கிறது. அதே அரசு, அந்த வீரர்களின் ஊவாவிலேயே 1971இல் வெல்லவாய போலீஸ் நிலையத்தைத் தாக்கிய சிங்கள இளைஞர்களையும் அதன் பின் வந்தவர்களையும் துப்பாக்கியால்தான் எதிர்கொண்டது. எந்தக் கலகக்காரன் வீரன் என்பதை ஆள்கிறவனின் வசதி முடிவு செய்கிறது.

இதையெல்லாம் யோசிக்கும்போது என் பெரியப்பா நினைவு வராமல் போகாது. இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். 1987 முதல் 1990 வரை அங்கே ஏறக்குறைய 1,200 இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். 1990 மார்ச்சில் கப்பல் சென்னைக்கு வந்தபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. டெல்லிக்கு அது அவமதிப்பு. தமிழ்நாட்டில் பலருக்கு அது நியாயம். பெரியப்பாவின் படைப்பிரிவில் செத்த ஒருவருடைய மனைவி எங்கள் தெருவில்தான் இருந்தார். வீட்டுக்காரர் எதற்காகச் செத்தார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு பக்கம் தேசத்துக்காக என்றார்கள். இன்னொரு பக்கம் ராஜீவ் காந்தியின் தப்புக்காக என்றார்கள். இரண்டுமே டெல்லியின் கணக்கு. அந்த அம்மாவுக்குப் பயன்பட்டது பென்ஷன் புத்தகம் மட்டும்.

பசறைக்கு மேலே

பதுளையிலிருந்து பசறை போகும் பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. வலப்பக்கம் நமுனுகுலை மலை, தலையில் மேகம். தோட்டத்துச் சந்தியில் இறங்கியதும் ஆசிரியை அக்கா காத்திருந்தார். ஒரு நண்பர் மூலம் அறிமுகம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அவருடைய அப்பா எண்பதைத் தாண்டியவர், பழைய காவல்காரர். கொழும்பில் புடவைக்கடையில் வேலை பார்த்து, கடை மூடியதால் வீடு திரும்பியிருந்த தம்பி. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு. ரொட்டி, கருவாட்டுக் குழம்பு, மரக்கறிச் சுண்டல். பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "ஊர்ல எந்தப் பக்கம்?" செங்கம் என்றதும், "நாங்க முசிறிப் பக்கம். நான் பார்த்ததில்ல" என்றார்.

லயத்துக்குக் கீழே, சரிவு முடியும் இடத்தில் ஒரு சிங்களக் கிராமம். நாடு என்றே இங்கே சொல்கிறார்கள். அங்கே ஒரு வீட்டில் ஒரு பிள்ளை போரில் செத்தான். அவன் பெயரிலும் நிறுத்தம் இருக்கிறது. அக்கா தினமும் அதில் நின்றுதான் பஸ் பிடிக்கிறார். அந்த அம்மா ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மனுக்குப் பூத்தட்டோடு வருவாராம்.

மேலே இந்த லயத்திலும் ஒரு சாவு உண்டு. 1983 ஜூலையில் பதுளை எரிந்தபோது பெரியவரின் தங்கை குடும்பம் வன்னிக்குப் போய்க் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியது. மலையகத்திலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். கடைசிப் போர்க்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் பிள்ளைகளைப் பிடித்தபோது, அந்தக் குடும்பத்து மகனையும் கொண்டுபோனது. 2009இல் செத்தான். உடம்பு கிடைக்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் வாக்குவாதம் தொடங்கியது. தம்பிக்கு இயக்கத்தின் மேல் இப்போதும் மரியாதை. "நம்ம ஆளுங்களும் கையில துவக்கு எடுப்பாங்கன்னு அவங்கதான காட்டினாங்க. கீழ வீட்டுப் பையனுக்கு பளிங்குக் கல்லு, நம்ம அத்தான் பேரைச் சொல்லி விளக்கு வைக்கக்கூட பயம். ரெண்டும் தியாகம்தான?"

அக்கா விடவில்லை. "அத்தானைக் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. அத்தை காலைப் பிடிச்சு அழுதா. அவன் எங்க உயிரைக் கொடுத்தான்? பறிச்சாங்க. கீழ வீட்டுப் பையன் பதினெட்டு வயசுல சேர்ந்தான். அவங்க அப்பாவுக்குக் கடன். அவனும் என்னத்தைக் கொடுத்தான்? நீ ரெண்டு பேரையும் கும்பிடு, வேண்டாங்கல. ஆனா அவங்களை அனுப்பினவங்களையும் சேர்த்துக் கும்பிடாத."

"அப்ப சண்டையே போடக்கூடாதுங்கறியா? எண்பத்தி மூணுல நம்மள எரிச்சப்ப?"

"போட்டவன் என்னத்துக்குப் போட்டான்னு சொல்லட்டும்ங்கறேன். நமக்காகவா போட்டாங்க? ஒப்பந்தம் பேசுனப்ப எந்தப் பக்கமாவது தோட்டத்து ஆளுங்களைக் கேட்டாங்களா?"

என் மனதில் இருந்ததை அக்கா எனக்கு முன்பே சொல்லிவிட்டார். போர் முழுவதும் தகுமா என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும். மொத்தப் பதில் எப்போதும் அனுப்பியவனுக்குச் சாதகம். தனித்தனியாகக் கேட்க வேண்டும். புத்தல பஸ்ஸில் போனவர்களைக் காக்கக் காட்டில் நின்றவனுக்குக் காரணம் இருக்கிறது. அரசு போகச் சொன்ன இடத்துக்கு நம்பிப் போன ஜனங்கள் மேல் ஷெல் அடிக்கச் சொன்ன உத்தரவுக்கு இல்லை. ஜூலை 83க்குப் பின் தன் ஊரைக் காக்கத் துவக்கு எடுத்தவனுக்குக் காரணம் இருக்கிறது. அடுத்தவன் பிள்ளையைக் கட்டி இழுத்து முன்வரிசையில் நிறுத்தியதற்கு இல்லை. சிப்பாயின் துணிச்சலை யாரும் குறைக்க வேண்டியதில்லை. அந்தத் துணிச்சலைக் காட்டி, கட்டளை இட்டவன் தன் கணக்கை மூடிக்கொள்ளக் கூடாது.

நான் ரஷ்யா கதையைச் சொன்னேன். அதுவரை சுவரில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"ஏஜெண்டு வந்து முன்பணம் குடுத்து, கப்பல்ல ஏத்தி, போய்ச் சேர்ந்ததும் வேற வேலைன்னு சொல்றதா? அது எங்க கங்காணி வேலை இல்லையா! எங்க தாத்தாவை அப்படித்தான கொண்டாந்தாங்க. கடனை ஒரு துண்டுல எழுதி வச்சுக்கிட்டு, அந்தத் துண்டு தீர்ற வரைக்கும் தோட்டத்தை விட்டுப் போகவிடாம வச்சிருந்தாங்களாம்."

துண்டு முறையை அரசு 1921இல் ஒழித்தது. அதற்கு முன்பெல்லாம், மன்னாரிலிருந்து மலைக்கு நடந்த வழியில் காலராவிலும் அம்மையிலும் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. 2023இல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்த 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அக்காவும் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறார். நாட்டைக் கட்டிய சாவுகள்தான் அந்த வழிநடைச் சாவுகளும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ, செத்தவர்களின் பேரப்பிள்ளைகளை நாடற்றவர்கள் ஆக்கியது.

தம்பி கேட்டான்: "சரி, நம்ம ஆளுங்களுக்கு ஒரு கல்லு வச்சா அதுல என்ன எழுதுறது? 'இலங்கைத் தேயிலைக்காக'ன்னு எழுதலாமா?"

பெரியவர் பல்லில்லாத வாயால் சிரித்தார். "தேயிலைக்காக எவன்டா சாவான்? எங்க அப்பன் அரிசிக்காக வந்தாரு. 'அரிசிக்காக'ன்னு எழுது. கீழ வீட்டுப் பையன் கல்லுலயும் அதையே எழுதச் சொல்லு. அவங்க அம்மா ஒத்துக்குவா. கவர்மெண்டுதான் ஒத்துக்காது."